மார்த்தாண்டத்தில் சட்ட மாணவர்களுக்கான வேலை விண்ணப்பப் பயிற்சி: கொடுத்த காசுக்குத் தகுமா?

சட்டம் படித்து முடிக்கப்போகிற பிள்ளைகளுக்கு வேலைக்கு விண்ணப்பிக்கவும் நேர்காணலுக்குத் தயாராகவும் சொல்லிக்கொடுக்கிற ஒரு சின்ன வகுப்பு மார்த்தாண்டத்தில் நடக்கிறது. மேம்பாலத்தை ஒட்டிய தெருவில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடி. போர்டு கிடையாது. நடத்துகிறவர்கள் தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் நானும் போடவில்லை. குழித்துறை கோர்ட் பக்கம் ஜூனியர் வக்கீல்களிடம் விசாரித்தால் வழி சொல்லிவிடுவார்கள். நான் அங்கே முழுசாகப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கோர்ட்டில் நின்று வக்கீலாக வேண்டும், இல்லையென்றால் வங்கி, அரசுத் தேர்வு என்று போக வேண்டும் என்று நினைக்கிற நம் குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இது கொடுக்கிற காசுக்கு மேலேயே தகும். மும்பை, பெங்களூரு என்று பெரிய கார்ப்பரேட் லா ஃபர்ம்தான் குறி என்றால் அவ்வளவாக உதவாது.

நடத்துகிறவர் கோர்ட்டில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட அவர் மகள், அவர் வக்கீல். நாங்கள் அவரை சார் என்றும் மகளை அக்கா என்றும் கூப்பிடுவோம். கட்டணம் 2,500 ரூபாய். நான்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, கடைசியில் ஆளுக்கு ஒரு தனி அமர்வு. காலையில் ஆராதனைக்குப் போகிறவர்கள் நிறைய பேர் என்பதால் மதியம் இரண்டரைக்குத்தான் தொடங்குவார்கள். திருவனந்தபுரத்தில் படிக்கிற பிள்ளைகள் களியக்காவிளை வழியாக பஸ் பிடித்து வருகிறார்கள், திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் படிக்கிறவர்கள் சனிக்கிழமையே ஊருக்கு வந்துவிடுகிறார்கள்.

முதல் நாள் எல்லோரும் பயோடேட்டாவைக் கொண்டுவர வேண்டும். சார் அதை வாசிக்கிற விதம்தான் இந்த வகுப்பின் உயிர். சிரஸ்தார் வேலை என்ன என்று கோர்ட் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்: தாக்கலாகிற பிராதை, அதாவது வழக்கு மனுவை, வரிவரியாகப் பார்த்து, கோர்ட் கட்டணம் சரியா, வழக்குக்கான காரணம் எழுந்த தேதி இருக்கிறதா, ஆவணப் பட்டியல் ஒத்துப்போகிறதா என்று சோதித்து, குறை இருந்தால் காரணம் எழுதி ரிட்டர்ன் போடுவது. வாழ்நாள் முழுக்க அதைச் செய்தவர் எங்கள் பயோடேட்டாவையும் அப்படியேதான் பார்க்கிறார். சிவப்புப் பென்சிலால் ஓரத்தில் 1, 2, 3 என்று குறைகளை எழுதி, கீழே "மூன்று நாள் அவகாசம்" என்று போட்டுத் திருப்பித் தருவார். சரி செய்து மறுபடி தாக்கல் செய்ய வேண்டும். குறையில்லை என்று ஏற்று நம்பர் ஆகும்வரை விடமாட்டார்.

எங்கள் பேட்ச்சில் ஒரு பெண் "செக் வழக்குகளில் வரைவு தயாரிக்க உதவினேன்" என்று எழுதியிருந்தாள். சார் அந்த வரியில் பென்சிலை வைத்துக்கொண்டு, "மக்ளே, என்ன வரைவு? நோட்டீஸா, புகாரா? நீ யாரு பக்கம், செக்கு குடுத்தவனா வாங்கினவனா? இத வாசிக்கிய சீனியருக்கு நீ அங்க என்ன செஞ்சேன்னே தெரியாதுல்லா" என்றார். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, செக் தேதி, வங்கி திருப்பியனுப்பிய தேதி, நோட்டீஸ் அனுப்பிய தேதி, அது கைக்குக் கிடைத்த தேதி எல்லாம் போட்டு ஒரு அட்டவணை தயார் செய்து சீனியரிடம் கொடுத்ததாகச் சொன்னாள். "அப்ப அத எழுது." செக் திரும்பிய வழக்குக்கான 138-ஆம் பிரிவில் வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து 15 நாள் பணம் கட்ட அவகாசம், அது முடிந்து ஒரு மாதத்துக்குள் புகார் என்று எல்லாமே தேதிக் கணக்குதான், நோட்டீஸ் ஒரு நாள் பிந்தினால் வழக்கே நிற்காது, புகார் பிந்தினால் தாமதத்தை மன்னிக்கச் சொல்லி கோர்ட்டில் கெஞ்ச வேண்டும். அந்தக் கணக்கை ஒரு மாணவி தானாகப் போட்டாள் என்று தெரிந்தால் எந்த சீனியரும் நிமிர்ந்து பார்ப்பார். அவள் பயோடேட்டாவில் அந்த ஒரு வரி மாறியது, அட்டவணையின் மாதிரி ஒரு பக்கம் பின்னால் சேர்ந்தது. கட்சிக்காரர் பெயரும் வழக்கு எண்ணும் அதில் இருக்கக் கூடாது என்று அக்கா திரும்பத் திரும்பச் சொன்னார். அடுத்தவர் ரகசியத்தை விண்ணப்பத்தில் போடுகிற ஆளை யார் அலுவலகத்துக்குள் விடுவார்கள்?

இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இன்டர்ன்ஷிப் சான்றிதழ் இல்லாத சட்ட மாணவர் யாருமே இல்லை. மூன்று வருடப் படிப்பென்றால் குறைந்தது 12 வாரம், ஐந்து வருடப் படிப்பென்றால் 20 வாரம் என்று, வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்துகிற பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் விதியே இருக்கிறது, ஆகவே எல்லோர் கையிலும் ஒரு கட்டு இருக்கும். கல்லூரியில் அந்தக் கட்டை எப்படிச் சேர்ப்பது என்று சொல்கிறார்கள், அதிலிருந்து நாம் என்ன செய்தோம் என்று எடுத்துக் காட்ட யாரும் சொல்லித் தருவதில்லை. இன்டர்ன்ஷிப் போகிற காலத்தில் தினமும் ஒரு நோட்டில் அன்றைக்கு எந்தக் கோர்ட், என்ன மனு, நான் எதை எழுதினேன், சீனியர் எதைத் திருத்தினார் என்று நான்கு வரி எழுதி வைக்கச் சொல்கிறார்கள். இரண்டாம் வருடப் பிள்ளைகள் இந்த வகுப்புக்கு வந்தால் இந்த ஒரு பழக்கத்துக்காகவே வரலாம்.

இரண்டாவது ஞாயிறு அக்கா எடுக்கிற வகுப்பு. எனக்கு அதுதான் மிகவும் பயன்பட்டது, இதை எல்லா சட்டக் கல்லூரியிலும் கடைசி வருடத்தில் கட்டாயம் சொல்ல வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன். 2025 மே 20 அன்று சுப்ரீம் கோர்ட் கொடுத்த தீர்ப்புப்படி சிவில் நீதிபதி பதவிக்கு விண்ணப்பிக்க மூன்று வருடம் வக்கீலாகப் பணி செய்திருக்க வேண்டும். படித்து முடித்ததும் நேராக டி.என்.பி.எஸ்.சி. சிவில் ஜட்ஜ் தேர்வு என்று கணக்குப் போட்டிருந்த பிள்ளைகளுக்கு எல்லாமே மாறிவிட்டது. அந்த மூன்று வருடம் பார் கவுன்சிலில் வக்கீலாகத் தற்காலிகமாக என்ரோல் ஆன (பதிவு செய்த) தேதியிலிருந்தே கணக்கு. குறைந்தது பத்து வருட அனுபவமுள்ள வக்கீலிடம் சான்று வாங்கி அதில் நீதித்துறை அதிகாரியின் மேலொப்பமும் வேண்டும். நீதிபதிகளுக்குச் சட்ட ஆய்வில் உதவுகிற லா கிளார்க்காக இருந்த காலமும் சேரும். ஆனால் ஒரு கம்பெனியில் முழுநேரச் சம்பளத்துக்குப் போனால்? பார் கவுன்சில் விதி 49-ன்படி சம்பளத்துக்கு வேலை செய்துகொண்டே வக்கீலாகத் தொழில் செய்ய முடியாது, சன்னதை, அதாவது வக்கீல் உரிமத்தை, நிறுத்தி வைக்க வேண்டும். அந்த வருடங்கள் கணக்கில் வராது. அதாவது 22, 23 வயதில் முதல் வேலையாக எதை எடுக்கிறோம் என்பது 26 வயதில் நீதிபதி தேர்வு எழுத முடியுமா முடியாதா என்பதைத் தீர்மானிக்கிறது.

இதை அக்கா கரும்பலகையில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே போட்டுக் காட்டினார். உனக்கு ஜட்ஜ் ஆகணுமா, அப்ப இந்த மூணு வருஷம் எங்க இருப்ப, சான்று யாரு தருவா, கோர்ட்டுல உன் பேரு எங்கெல்லாம் பதிவாகியிருக்கும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். உதவி அரசு வழக்குரைஞர் பதவி என்றால் குற்றவியல் கோர்ட்டில் ஐந்து வருடம் வேண்டும் என்று அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டார். வங்கிகளின் லா ஆபீசர் பதவிக்கு ஐ.பி.பி.எஸ். தேர்வு எழுதுகிறவர்கள், சட்டப் பட்டத்தோடு என்ரோலும் ஆகியிருக்க வேண்டும் என்பதைக் கடைசி நேரத்தில்தான் கவனிக்கிறார்கள், அதையும் எச்சரித்தார். சுப்ரீம் கோர்ட் லா கிளார்க் பணிக்கு 2025-ல் மாதம் 80,000 ரூபாய் என்று அறிவித்தார்கள், சென்னை உயர் நீதிமன்றமும் மதுரைக் கிளையும் சேர்த்து நீதிபதிகளுக்கு லா கிளார்க் எடுக்கிறார்கள் என்பதெல்லாம் நம் ஊர்ப் பிள்ளைகளில் பலர் காதிலேயே விழாத விஷயம். மதுரை ராத்திரி பஸ்ஸில் ஏறினால் விடியும்போது போய்ச் சேர்ந்துவிடுகிற தூரம்தான்.

என்ரோல்மென்ட் பற்றியும் அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். திருவனந்தபுரத்தில் படித்தவர்களுக்கு எப்போதும் ஒரு குழப்பம் உண்டு: கேரளத்திலா, தமிழ்நாட்டிலா? எங்கே படித்தோம் என்பது பொருட்டில்லை, எங்கே தொழில் செய்யப்போகிறோமோ அந்த மாநில பார் கவுன்சிலில் விண்ணப்பிக்க வேண்டும். பிறகு மாற வேண்டி வந்தால் வக்கீல் சட்டம் 18-ஆம் பிரிவில் மாற்றிக்கொள்ளலாம். கட்டணம் பொதுப்பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய், அதற்கு மேல் என்ரோல்மென்டுக்கு வாங்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2024 ஜூலை 30-ல் சொல்லிவிட்டது. வக்கீலாகத் தொழில் செய்ய எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்வைக் கடைசி செமஸ்டரிலேயே எழுதலாம் என்பதற்கு 2023-ன் அரசியல் சாசன அமர்வுத் தீர்ப்பு வழிவிட்டிருக்கிறது. 100 கேள்வி, தவறான விடைக்கு மார்க் குறைப்பு இல்லை, குறிப்பெழுதாத வெறும் சட்டப் புத்தகத்தை உள்ளே கொண்டுபோகலாம். இதற்குத் தனியாகக் கோச்சிங் தேவையில்லை என்று அக்காவே வெளிப்படையாகச் சொன்னார், அது எனக்குப் பிடித்திருந்தது.

அப்புறம் மூன்றாவது வகுப்பு. இதை வேறு எங்கேயும் சொல்லித் தருவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. நம் மாவட்டம் 1956 நவம்பர் 1-க்கு முன் திருவிதாங்கூர்-கொச்சி, அதற்கும் முன் திருவிதாங்கூர். பழைய பிரமாணங்கள், அதாவது சொத்துப் பத்திரங்கள், பல மலையாளத்தில் இருக்கின்றன, தேதி மலையாளக் கணக்கான கொல்லம் ஆண்டில் இருக்கும். வங்கிக் கடனுக்குச் சொத்தின் மூலத்தைப் பார்க்கிற வக்கீலுக்கும், பாகப்பிரிவினை வழக்கு நடத்துகிறவருக்கும், அதை வாசிக்கத் தெரிந்த ஜூனியர் கிடைத்தால் பெரிய உதவி. சார் ஒரு பழைய பிரமாணத்தின் நகலை, பெயர்களை மறைத்துவிட்டு, வகுப்பில் சுற்றுக்கு விட்டார். முதலில் ஆண்டு. "1110-ன்னு போட்டிருக்கு, இங்கிலீஷ் வருஷம் என்ன?" 1934-35 என்று சொன்னவர்கள் இரண்டே பேர், இரண்டு பேருமே எல்லைக்கு அந்தப் பக்கம் பள்ளியில் மலையாளம் படித்தவர்கள். அப்புறம் நான்கெல்லை, ஒற்றி வைத்ததா விற்றதா, யார் யாருக்கு எழுதிக்கொடுத்தது என்று ஒவ்வொன்றாக வாசிக்க வைத்தார். வாசித்து முடித்தபிறகு அந்த இரண்டு பேரில் ஒரு பையனிடம், "பயோடேட்டாவுல மலையாளம் எங்க இருக்கு?" என்றார். கடைசிப் பக்கத்தில், பொழுதுபோக்குக்குக் கீழே, தெரிந்த மொழிகள் என்ற வரியில் மூன்றாவதாக இருந்தது. "இது முதல் பக்கத்துல இருக்க வேண்டியதாக்கும்" என்று அம்புக்குறி போட்டுக் காட்டினார். இப்போது அவன் பயோடேட்டாவில் இரண்டாவது வரியே "திருவிதாங்கூர் காலத்து மலையாள ஆவணங்களை வாசித்து தமிழிலும் ஆங்கிலத்திலும் சுருக்கம் எழுத முடியும்" என்பதுதான். நம் பிள்ளைகள் எல்லையில் பிறந்ததைக் குறைவாகவே நினைத்துக்கொண்டு வளர்கிறார்கள், சென்னைப் பிள்ளைகள் மாதிரி ஆங்கிலம் வரவில்லையே என்று கூசுகிறார்கள். இரண்டு மொழியில் பத்திரம் வாசிக்கிற கண் எத்தனை பேருக்கு இருக்கிறது? இதைச் சொல்லிக்கொடுத்ததற்காகவே நான் அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடுவேன். செங்கோட்டை, கம்பம் பக்கத்துப் பிள்ளைகளும், தெலுங்கு வாசிக்கத் தெரிந்த திருத்தணி, குடியாத்தம் பக்கத்துப் பிள்ளைகளும் அவரவர் ஊர் வழக்குகளை வைத்து இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

நான்காவது வகுப்பு நேர்காணல் ஒத்திகை. சாரும் அக்காவும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து சீனியர் மாதிரியே கேட்கிறார்கள். நாம் பயோடேட்டாவில் எழுதியதிலிருந்துதான் கேள்வி வரும், வெளியிலிருந்து வராது. முன்ஜாமீன் மனு பார்த்தேன் என்று எழுதியிருந்தால், எந்தப் பிரிவு, செஷன்ஸ் கோர்ட்டிலா ஹைகோர்ட்டிலா, அரசுத் தரப்பு என்ன சொல்லி எதிர்த்தது என்று கேட்பார்கள். 2024 ஜூலை 1-க்குப் பிறகு குற்றவியல் நடைமுறைச் சட்டமே மாறிவிட்டதால் முன்ஜாமீனுக்கான பழைய 438-ஆம் பிரிவு இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 482 என்றும், ஹைகோர்ட்டின் உள்ளார்ந்த அதிகாரத்துக்கான பழைய 482 இப்போது 528 என்றும் தடுமாறாமல் வர வேண்டும், இந்த இரண்டும் ஒன்றோடொன்று மாறி நாக்கில் வந்து விழுகிற இடம். ஒரு குறை: அவர்கள் கொடுக்கிற ஜெராக்ஸ் நோட்ஸில் சில பக்கங்களில் இன்னும் பழைய எண்களே இருக்கின்றன. வாயால் சரியாகச் சொல்கிறார்கள், தாளில் திருத்தவில்லை. சொன்னேன், அடுத்த பேட்ச்சுக்கு மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வாங்குகிறவர்கள் பேனாவோடு உட்காருங்கள்.

ஒத்திகையில் பணம் கேட்கவும் பழக்குகிறார்கள். இது சின்ன விஷயமில்லை. 2024 ஜூனில் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சில், ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் குறைந்தது 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் உதவித்தொகை தர வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. நம் பக்கம் போய் சீனியரிடம் அந்தத் தாளை நீட்ட யாருக்குத் தைரியம் வரும்? அக்கா சொல்லிக்கொடுத்த வாக்கியம் இது: "சார், முதல் ஆறு மாசம் எனக்கு என்ன தருவீங்கன்னு தெரிஞ்சா வீட்டுல சொல்லிக்குவேன்." பேச்சு முடிகிற நேரத்தில், எழுந்திரிப்பதற்கு முன், நேராகப் பார்த்து, தணிந்த குரலில். அதைச் சொல்லிப் பழகும்போது எங்கள் பேட்ச்சில் இரண்டு பேருக்குக் குரலே எழும்பவில்லை. பஸ் கட்டணத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் வீட்டில் கேட்டுக் கேட்டு வெட்கப்பட்டு ஆறு மாதத்தில் கறுப்பு கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போன நல்ல பிள்ளைகளை எனக்குத் தெரியும். முக்கியமாகப் பெண் பிள்ளைகள். அவர்கள் போனது அவர்களுக்கு மட்டும் நஷ்டமில்லை. அதனால்தான் சொல்கிறேன், கேளுங்கள். தொகை குறைவாக இருந்தாலும் முதல் நாளே தெரிந்துகொண்டு சேருங்கள்.

சரி, குறைகள். கார்ப்பரேட் பகுதி மெலிந்தது. ஒப்பந்தம் வரைவது, கம்பெனிச் சட்டம், பெரிய அலுவலகங்கள் இன்டர்ன்ஷிப் வழியாகவே ஆள் எடுக்கிற முறை, லிங்க்ட்இன்னில் நம்மை எப்படிக் காட்டுவது, இதெல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது, அதுவும் மேலோட்டமாக. ஆங்கிலத்தில் பேசிப் பழக நேரம் போதவில்லை. கவரிங் லெட்டர் மாதிரி அரசு அலுவலகக் கடிதம் போல "பொருள், பார்வை" என்று இருக்கிறது, ஒரு சீனியருக்கு அது பரவாயில்லை, சென்னையில் ஒரு நிறுவனத்துக்கு அனுப்பினால் பழைய காலத்துத் தாளாகத் தெரியும். இன்னொன்று, சட்ட முதுகலைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வான கிளாட் முதுகலைத் தேர்வைப் பற்றி அவர்கள் எதுவும் சொல்லவில்லை. அந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் சில பொதுத்துறை நிறுவனங்கள் சட்ட அதிகாரிகளை எடுக்கின்றன, ராணுவத்தின் சட்டப் பிரிவான ஜட்ஜ் அட்வகேட் ஜெனரல் பிரிவுக்கு விண்ணப்பிக்கவும் அது வேண்டும், அதற்குப் பட்டத்தில் 55 சதவீதமும் 27 வயதுக்குள்ளும் இருக்க வேண்டும். ராணுவத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிப் பழகிய மாவட்டம் நம்முடையது, இதை வகுப்பில் சேர்க்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இடமும் சுமார்தான். மேலே தகர ஷீட், மதியத்தில் வெக்கை தாங்காது, இரண்டு ஃபேன் போதவில்லை. ரோட்டுச் சத்தத்தில் சார் மெதுவாகப் பேசினால் பின்வரிசைக்குக் கேட்காது, முன்னால் உட்காருங்கள். வண்டி நிறுத்த இடமில்லை, பஸ்ஸில் வருவதே நல்லது.

விலையை எதோடு ஒப்பிடுவது என்றால், என் கூடப் படித்த ஒருத்தி ஆன்லைனில் ஒரு கோர்ஸ் சேர்ந்தாள். பெயர் வேண்டாம். இதைப்போல நான்கு மடங்கு கட்டணம், வேலை நிச்சயம் என்று வாக்குறுதி. வந்தது பதிவு செய்த வீடியோக்களும், எல்லோருக்கும் ஒரே மாதிரி ஒரு பயோடேட்டா அச்சும். அவள் அதை நிரப்பி அனுப்பியபோது, திருத்தி வந்த தாளில் வேறு யாரோ ஒருவரின் கல்லூரிப் பெயர் இருந்தது. பணம் திரும்பக் கேட்டு இன்னும் மெயில் அனுப்பிக்கொண்டிருக்கிறாள். வேலை நிச்சயம் என்று சொல்கிற இடத்தில் சேராதீர்கள், தயவுசெய்து. மார்த்தாண்டத்தில் அப்படி ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. சார் முதல் நாளே, "வேலை வாங்கித் தர என்னால ஆகாது மக்ளே, உன் பேப்பர் ரிட்டர்ன் ஆகாம பாத்துக்கிடுவேன்" என்று சொல்லிவிட்டார்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். கார்ப்பரேட் பகுதியையும் நோட்ஸையும் சரி செய்தால் அந்த மிச்சம் ஒன்றையும் கொடுத்துவிடுவேன். போகிறவர்கள் இன்டர்ன்ஷிப் சான்றிதழ்களின் நகல், எழுதிய நோட்டு இருந்தால் அது, மூட் கோர்ட் மெமோரியல் (மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு எழுதிய வாதுரை) ஒன்று, இப்போது வைத்திருக்கிற பயோடேட்டாவைத் திருத்தாமல் அப்படியே, எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள். ஒரு பேட்ச்சுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் எடுப்பதில்லை, செமஸ்டர் தேர்வு மாதங்களில் வகுப்பு கிடையாது. கட்டணத்தை மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் அக்காவிடம் தனியாகச் சொன்னால் இரண்டு தவணையாக வாங்கிக்கொள்கிறார், அதைக் கேட்கவும் கூச்சப்பட வேண்டாம்.